குட்டி நாய்க்கு வயிறு கெட்டால்...



சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை. சபைகூடலுக்கு இன்னும் மணி அடிக்கவில்லை. மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் பிஸ்கட் பெட்டி ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். பெட்டிக்குள் பழைய கைலித் துணி. துணிக்குள் ஒரு நாய்க்குட்டி. பெயர் டைகராம். புலிக்கு உரிய இலட்சணம் எதுவும் அதனிடம் இல்லை. குச்சிக் கால்களும், ஊதிய வயிறும், அழுக்கடைந்த வாலும்தான் இருந்தன.

"டீச்சர், இதுக்கு நேத்துலேருந்து வயித்தாலை போவுது டீச்சர். தண்ணியா போவுது. அப்பா சாயந்திரம் சடக்குப் பக்கம் கொண்டுபோய் விட்டுடுவேன்னு சொல்லிட்டாரு."

அவன் அப்பாவை எனக்குத் தெரியும். செம்பனையில் பழம் வெட்டுகிறார். நல்ல மனிதர். வீட்டில் மூன்று பிள்ளைகள், இன்னும் நடக்காத கைக்குழந்தை ஒன்று. அந்தத் தரையில்தான் எல்லாரும் படுக்கவேண்டும். அவர் சொன்னதில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் என்று எனக்குப் பட்டது.

குனிந்து பார்த்தேன். குட்டி தலையைத் தூக்கி என் விரலை நக்கியது. வாலையும் இரண்டு ஆட்டு ஆட்டியது. அந்த இரண்டு ஆட்டத்தைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்து நிழலில் பெட்டியை வைத்து, ஒரு கிண்ணம் தண்ணீரும் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். தலைமையாசிரியர் பார்த்தும் பார்க்காததுபோல் போய்விட்டார். அதற்காக அவருக்கு என் நன்றி.

பிள்ளைகளின் படிப்பையும் பழக்கவழக்கங்களையும் பேசும் இந்தப் பக்கத்தில் நாய்க்குட்டிக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நாய்க்குட்டி இருக்கும் வீட்டில் அதற்குத் தாயும் தாதியும் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைதான். குட்டி செத்தால் முதலில் அழுவதும் அதுதான். நான் அழுதிருக்கிறேன்.

1991ஆம் ஆண்டு. நாங்கள் அப்போது லயத்து வீட்டில் இருந்தோம். அப்பா எங்கிருந்தோ ஒரு வெள்ளைக் குட்டியைக் கொண்டுவந்தார். மணி என்று பெயர் வைத்தோம். வந்த முதல் வாரம் டின் பாலைக் கலக்கி நான்தான் ஊட்டினேன். ஒருநாள் காலையில் அது எழுந்திருக்கவில்லை. பிறகு வாந்தி எடுத்தது. மத்தியானம் வயிற்றாலை போக ஆரம்பித்தது. மறுநாள் அதில் இரத்தம் இருந்தது. அந்த வாடையை நான் இன்றுவரை மறக்கவில்லை. பாட்டி, வயிற்றில் உள்ள அழுக்கெல்லாம் வெளியே வந்துவிடட்டும் என்று விளக்கெண்ணெய் கொடுத்தார். எங்களுக்கெல்லாம் அப்படித்தான் கொடுப்பார். அடுத்த வீட்டுத் தாத்தா கொஞ்சம் சம்சு ஊற்றிப் பார்க்கச் சொன்னார். நல்லவேளை, அதை யாரும் செய்யவில்லை. மூன்றாம் நாள் குட்டி போய்விட்டது.

இரண்டு மாதம் கழித்து என் அழுகை தாங்காமல் அண்ணன் பட்டணத்திலிருந்து இன்னொரு குட்டியைக் கொண்டுவந்தான். துருதுருவென்று இருந்தது. மணி படுத்த அதே சாக்கில் அதைப் படுக்கவைத்தோம். ஆறாம் நாள் அதே வாந்தி, அதே இரத்தம், அதே வாடை. "இந்த வீட்டுக்கு நாய் ராசி இல்லை" என்று பாட்டி சொல்லிவிட்டார். நாங்களும் நம்பினோம். அதன் பிறகு எங்கள் வீட்டில் நாயே வளர்க்கவில்லை.

நான் ஆசிரியையான பிறகு, ஒரு மிருக வைத்தியரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "சாக்கை என்ன செய்தீர்கள்?"

அந்த நோய் பார்வோ என்ற கிருமியால் வருவது. 1978இல்தான் அதை இன்னதென்று கண்டுபிடித்தார்கள். இரண்டே ஆண்டுகளில் உலகமெங்கும் பரவிவிட்டது. குடலின் உள் தோலை அழிப்பதோடு, நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களையும் குறைத்துவிடும். நாய் மலத்தில் கோடிக்கணக்கில் வெளியேறும் இந்தக் கிருமி மண்ணிலும் சாக்கிலும் மாதக்கணக்கில், சில இடங்களில் ஓர் ஆண்டுக்கு மேலும், உயிரோடு கிடக்கும். குட்டியின் உடலில் புகுந்தால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் நோய் தலைகாட்டும். இரண்டாவது குட்டிக்கு ஆறாம் நாள் வந்ததே, அது ராசியால் அல்ல, சாக்கால் வந்தது. இதைக் கேட்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மணிக்கு நாங்கள் செய்தது அறியாமை. இரண்டாவது குட்டிக்கு நாங்களே படுக்கை விரித்துக் கொடுத்திருக்கிறோம்.

நிற்க. குட்டிக்கு வயிற்றாலை போனாலே பார்வோதான் என்று யாரும் பயந்துவிடக் கூடாது. பத்துக் குட்டிகளைப் பார்த்தால் பல குட்டிகளுக்குக் காரணம் நம் கைதான். நம் தோட்டங்களில் நாலு வாரம், ஐந்து வாரம் ஆனவுடனே குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துவிடுகிறோம். எட்டு வாரமாவது தாயோடு இருக்கவேண்டும். பிரித்துக் கொண்டுவந்ததும் என்ன கொடுக்கிறோம்? டின் பால், அல்லது பசும்பால். தாய் நாயின் பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலில் இருப்பதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும். பாலிலுள்ள இயற்கைச் சீனியோ அதில் குறைவு. அந்தச் சீனி அதிகமானால் குட்டியின் குடல் தாங்காது, தண்ணீராகப் போகும். டின் பாலில் இதற்கு மேல் நாம் போடும் சீனி வேறு. பால் கொடுத்தே தீரவேண்டிய வயதுக் குட்டியாக இருந்தால், நாய்க்குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மாவு இருக்கிறது. எட்டு வாரம் ஆன குட்டிக்குப் பாலே தேவையில்லை. தண்ணீரும் குட்டிக்கான உணவும் போதும்.

பிறகு, விருந்து. வீட்டில் விசேஷம் என்றால் ஆட்டு எலும்பும் கறிக்குழம்பும் குட்டிக்கும் போய்விடுகிறது. பிள்ளைகள் ஆளுக்கு ஒரு வாய் ஊட்டுகிறார்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்தையே கெடுப்பவை. வெந்த எலும்பு பிளந்து குடலைக் குத்தும். மைலோவிலும் சாக்லெட்டிலும் உள்ள கொக்கோ நாய்க்கு நஞ்சு. கடையில் விற்கும் நல்ல தீனியைக்கூட ஒரே நாளில் மாற்றினால் வயிறு கெடும். பழைய தீனியோடு புதியதைக் கலந்து, ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றவேண்டும்.

அடுத்தது பூச்சி. டைகரின் குச்சிக் காலையும் ஊதிய வயிற்றையும் பார்த்தவுடன் எனக்கு அந்த நினைப்புத்தான் வந்தது. குட்டி மண்ணைத் தின்றதால் பூச்சி வந்தது என்று சொல்வார்கள். பெரும்பாலும் அதற்கும் முன்பே வந்துவிடுகிறது. நாக்குப்பூச்சி போன்ற உருண்டைப் புழுவின் குஞ்சுகள் தாயின் உடலிலிருந்து கருப்பையிலேயே குட்டிக்குப் போய்விடுகின்றன. கொக்கிப் புழு தாய்ப்பால் வழியாகப் போகிறது. ஆகையால் கொழுகொழுவென்று பிறந்த குட்டிக்கும் பூச்சி உண்டு என்றே வைத்துக்கொள்ள வேண்டும். பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து எட்டு வாரம்வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும், பிறகு ஆறு மாதம்வரை மாதம் ஒரு முறையும் பூச்சி மருந்து கொடுப்பது வழக்கம். அளவு குட்டியின் எடையைப் பொறுத்தது. நம் பிள்ளைக்கு வாங்கிய மருந்தில் பாதியை ஊற்றுவது அளவாகாது.

கொக்கிப் புழு இரத்தத்தை உறிஞ்சும். ஈறு வெளுத்து, மலம் தார்போல் கறுப்பாகப் போனால் அது ஆபத்து. சின்னக் குட்டிக்கு இரத்தம் எவ்வளவு இருக்கும் சொல்லுங்கள்.

இந்தப் பூச்சி விஷயத்தில்தான் தாய்மார்கள் கொஞ்சம் நின்று படிக்கவேண்டும். பார்வோ மனிதருக்கு வராது. ஆனால் நாயின் பூச்சி வரும். உருண்டைப் புழுவின் முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அந்த மண்ணில் விளையாடிய கையைப் பிள்ளை வாயில் வைத்தால் முட்டை வயிற்றுக்குள் போகும். அதன் குஞ்சு உடம்பெல்லாம் அலைந்து கண்ணில் போய்த் தங்கினால் பார்வையே கெடலாம். கொக்கிப் புழுவின் குஞ்சோ வெறுங்காலின் தோலைத் துளைத்து, தோலுக்கடியில் கோடு கோடாக ஊரும். இதற்காக நாயை விரட்டவேண்டியதில்லை. புதிய மலத்தில் உள்ள உருண்டைப் புழு முட்டை நோய் தரும் பருவத்துக்கு வர இரண்டு வாரமாவது ஆகும். கொக்கிப் புழுவுக்கு ஒரு வாரமே போதும். மலத்தை அன்றன்றே அள்ளிக் கட்டிப் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி சவர்க்காரமும் செருப்பும்.

தோட்டத்து வாசகர்களுக்கு இன்னொன்று. செம்பனையில் எலிக்கு நஞ்சு வைக்கிறார்கள், புல்லுக்கு மருந்து அடிக்கிறார்கள். குட்டி காட்டுப் பக்கம் போய் வந்த பிறகு வாந்தியும் வயிற்றாலையும் வந்தால், அல்லது மூக்கில், ஈறில் இரத்தம் கசிந்தால், வீட்டு வைத்தியத்துக்கு இடமே இல்லை. மருந்தின் உறையோ டின்னோ கிடைத்தால் அதையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் ஓடவேண்டும்.

சரி, வீட்டில் வைத்துப் பார்க்கலாமா, வைத்தியரிடம் போகவேண்டுமா என்று எப்படித் தெரியும்? இங்கேதான் டைகர் வாலை ஆட்டிய விஷயம் வருகிறது. மலத்தைப் பார்ப்பதற்கு முன் குட்டியைப் பாருங்கள். இளக்கமாகப் போனாலும் அது விளையாடுகிறது, தின்ன வருகிறது, வாந்தி இல்லை, இரத்தம் இல்லை என்றால் ஒரு நாள் வீட்டில் பார்க்கலாம். சுருண்டு படுத்துக் கிடக்கிறது, கூப்பிட்டால் எழவில்லை, தீனியைத் திரும்பிப் பார்க்கவில்லை, திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கிறது, மலத்தில் இரத்தம் என்றால், இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே போகவேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டிக்கும், ஒரு தடுப்பூசிகூடப் போடாத குட்டிக்கும் நான் ஒரு நாள் தவணையும் கொடுக்கமாட்டேன்.

உடம்பில் தண்ணீர் வற்றுகிறதா என்று பார்க்க உதட்டைத் தூக்கி ஈறைத் தொடுங்கள். ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்கவேண்டும். ஒட்டும் பசைபோல் இருந்தால் தண்ணீர் குறைந்துவிட்டது. விரலால் ஈறை அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்கவேண்டும். பிடரித் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே பழைய நிலைக்குத் திரும்பவேண்டும் என்றும் சொல்வார்கள். மிகச் சின்னக் குட்டியில் தோல் நம்மை ஏமாற்றும், ஈறைத்தான் நம்பவேண்டும்.

வீட்டில் வைத்துப் பார்க்கும்போது பலர் செய்யும் தவறு பட்டினி போடுவது. பெரிய நாய்க்கு அரை நாளோ ஒரு நாளோ வயிற்றுக்கு ஓய்வு கொடுப்பார்கள். இரண்டு மாதக் குட்டிக்கு அந்தக் கணக்கு ஆகாது. அதன் உடம்பில் சேமிப்பு இல்லை. இரத்தத்தில் சீனி குறைந்து, நடுங்கி, மயங்கி விழுந்துவிடும். ஆகையால் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்கவேண்டும். தோலும் எலும்பும் இல்லாத கோழிக்கறியை வெறும் தண்ணீரில் வேகவையுங்கள். உப்பு, எண்ணெய், மசாலா எதுவும் வேண்டாம். சோற்றைக் குழைய வடியுங்கள். ஒரு பங்கு கறிக்கு இரண்டு பங்கு சோறு. பிசைந்து, ஒரு நாளைக்கு ஐந்து வேளையாகப் பிரித்து, வேளைக்கு இரண்டு மூன்று தேக்கரண்டி. மலம் கட்டியான பிறகு இரண்டு நாள் பொறுத்து, பழைய தீனியை மெல்லச் சேர்க்கலாம். இந்தச் சோறும் கறியும் மருந்துச் சாப்பாடு. இதிலேயே குட்டியை வளர்த்தால் எலும்பு வலுக்காது.

தண்ணீர் எப்போதும் எதிரில் இருக்கட்டும். கூடவே, நம் குழந்தைகளுக்குக் கொடுக்கும் உப்புச் சீனித் தண்ணீரையும் கொடுக்கலாம். கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு மாறக் கூடாது. கிண்ணத்தில் வைத்து, கால் மணி நேரத்துக்கு ஒருமுறை ஓரிரு தேக்கரண்டி தானாக நக்கிக் குடிக்கட்டும். துவண்டு கிடக்கும் குட்டியின் வாயைப் பிளந்து ஊற்றாதீர்கள். தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். மழை இரவில் குளிர் தாக்காமல் இருக்க, வெதுவெதுப்பான தண்ணீர் போத்தலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள்.

மருந்துப் பெட்டியைத் திறக்காதீர்கள். நமக்குச் சாதாரணமான காய்ச்சல் மாத்திரையும் வலி மாத்திரையும் குட்டியின் உயிரைக் குடிக்கும். வயிற்றாலையை நிறுத்தும் மாத்திரை, கிருமியையும் நஞ்சையும் உள்ளேயே பூட்டி வைத்துவிடலாம். பாட்டியின் விளக்கெண்ணெயோ, ஏற்கெனவே வற்றிக்கொண்டிருக்கும் உடம்பிலிருந்து இன்னும் தண்ணீரை இறைத்தது. பாட்டி அன்போடுதான் கொடுத்தார். அதுதான் இன்னும் வலிக்கிறது.

டைகர் கதைக்கு வருகிறேன். மத்தியானம் பையனிடம், "சாயந்திரம் அப்பாவோடு வா. குட்டியின் மலத்தில் கொஞ்சம் ஒரு மூடி போட்ட டப்பாவில் கொண்டு வா, வைத்தியர் பார்க்கவேண்டும்" என்றேன். சொன்ன சொல் தவறாத பிள்ளை. ஓய்வு நேரத்திலேயே கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டான். பசியாறக் கொண்டுவந்த டப்பாவில்! அன்று ஆசிரியர் அறையில் யாரும் பசியாறவில்லை.

அப்பா வந்தார். கொஞ்ச நேரம் மோட்டார் சைக்கிளைவிட்டு இறங்கவே இல்லை.

"டீச்சர், நாய்க்குப் போயி டாக்டர்கிட்ட காசு கட்டுறதா? சின்னதுக்கே பால்மாவு வாங்கணும்..."

எனக்குப் பதில் வரவில்லை. அவர் கேட்டதில் பிழை ஒன்றும் இல்லை. 1991இல் என் அப்பாவும் இதே கணக்கைத்தான் போட்டிருப்பார். கடைசியில், "அண்ணே, குட்டிக்காக வேண்டாம். அது படுக்கிற தரையில் உங்கள் கைக்குழந்தையும் தவழப்போகிறது. குட்டியின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?" என்றேன். ஒன்றும் பேசாமல் பெட்டியை வாங்கி மோட்டாரின் முன்கூடையில் வைத்தார். பாதிப் பணம் நான் கொடுத்தேன். இதைச் சொல்வதில் எனக்குப் பெருமை இல்லை, பழைய கடன் அது. சில ஊர்களில் அரசாங்கக் கால்நடைச் சேவை அலுவலகத்திலும் நாய் பூனைகளைப் பார்க்கிறார்கள். செலவுக்குத் தயங்குகிறவர்கள் முதலில் அங்கே தொலைபேசியில் விசாரிக்கலாம்.

வைத்தியரிடம் போகும்போது குட்டியைப் பெட்டியிலேயே வைத்திருங்கள். அங்கே தரையில் விடவேண்டாம். அது கொண்டுவந்த நோயை மற்றதற்குக் கொடுக்கும், மற்றதன் நோயை வாங்கிக்கொள்ளும். என்ன தின்றது, எப்போது ஆரம்பித்தது, எத்தனை முறை என்பதை எழுதியே கொண்டுபோங்கள்.

டைகருக்குப் பார்வோ இல்லை. நிறையப் பூச்சி, போதாததற்கு முதல் நாள் விருந்துக் குழம்பு. பூச்சி மருந்து கொடுத்து, கோழிக்கஞ்சி சொல்லி அனுப்பினார்கள். மறுநாள் வெளியே வந்ததை எண்ணிப் பார்த்ததாகப் பையன் எனக்கு விவரமாகச் சொன்னான். உங்களுக்கு அது வேண்டாம். பார்வோவாக இருந்திருந்தால் கஞ்சியும் உப்புத் தண்ணீரும் போதாது. அதற்கு ஊசிவழி நீர் ஏற்றி, இரவும் பகலும் பார்க்கவேண்டும். சீக்கிரம் கொண்டுபோன குட்டிகள் பெரும்பாலும் பிழைக்கின்றன. வீட்டில் வைத்துப் பார்த்தவை பெரும்பாலும் பிழைப்பதில்லை.

அந்த நோயைத் தடுக்க ஊசி இருக்கிறது. "ஒரு ஊசி போட்டாச்சே" என்று நின்றுவிடுகிறார்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி சில வாரம் அந்த ஊசியை வேலை செய்யவிடாது. அது எந்த வாரம் தீரும் என்று யாராலும் குறித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக, பதினாறு வாரம்வரை போடச் சொல்கிறார்கள். அதுவரை குட்டியை ஊர் நாய்களோடு சேரவிடாதீர்கள்.

பார்வோ வந்துபோன வீடாக இருந்தால் சாக்கு, துணி, தட்டு எல்லாவற்றையும் எரித்துவிடுங்கள். சிமெண்டுத் தரையை முதலில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி, பிறகு வெளுப்பு மருந்து ஒரு பங்குக்குத் தண்ணீர் முப்பது பங்கு கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிடுங்கள். வெளுப்பு மருந்தோடு வேறு எந்தக் கழுவும் மருந்தையும் கலக்கக் கூடாது. வாசனைக்குப் போடும் தரை மருந்துகள் பலவற்றுக்கு இந்தக் கிருமி அசையாது. மண் தரையைச் சுத்தப்படுத்தவே முடியாது. அந்த வீட்டுக்கு ஓர் ஆண்டாவது புதுக் குட்டி வேண்டாம். எடுத்தே தீருவதென்றால் ஊசிகள் முழுவதும் போட்டு முடித்த நாயாக எடுங்கள்.

டைகர் இப்போது பையனின் வீட்டு அஞ்சடியில் ஒரு பழைய வாளிக்குப் பக்கத்தில் படுக்கிறது. வீட்டுக்குள் விடுவதில்லை என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். ஆனால் மழை பெய்த அன்று வாளியும் குட்டியும் கதவுக்கு உள்ளே இருந்ததைப் பையன் பார்த்திருக்கிறான். முதல் ஊசி போட்டாகிவிட்டது. அடுத்த ஊசியின் தேதியை வகுப்புக் கரும்பலகையின் மூலையில் அவனே எழுதி வைத்திருக்கிறான். அதை அழிக்கக் கூடாது என்று கரும்பலகை துடைக்கும் முறைக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன்.